கணினி கிளம்பாதபோது: தொடக்கச் சோதனையின் வரலாறு

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியவுடன் இயங்குதளம் வந்துவிடுவதில்லை. அதற்கு முந்தைய சில நொடிகளில் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இச்சோதனையைப் 'போஸ்ட்' என்பர். திரை இருளாகவே இருக்கும் கணினியில் பழுது எங்கே என்று கண்டறியும் வழிகளில் பலவும் இச்சோதனையைச் சார்ந்தே வளர்ந்தன.

1975-இல் வெளிவந்த ஆல்டேர் 8800 கணினியில் இத்தகைய வசதி எதுவும் இல்லை. முகப்பிலிருந்த சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி, தொடக்க நிரலைப் பயனரே எண் எண்ணாக உள்ளிட வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணினியைத் தொடங்குவதற்கு இன்றும் வழங்கும் 'பூட்' என்ற சொல், தன் காலணியின் வாரைப் பிடித்திழுத்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்னும் ஆங்கில வழக்கிலிருந்து வந்தது. நினைவகத்தில் ஒன்றுமே இல்லாத பொறி, தன் முதல் நிரலைத் தானே படித்தாக வேண்டும் என்ற சிக்கலுக்கு அது பொருத்தமான பெயர்தான்.

1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகமான ஐபிஎம் தனியாள் கணினியில் இச்சிக்கலுக்கு விடையாக, அழியாத நினைவகச் சில்லில் 'பயாஸ்' என்னும் நிரல் பதிந்திருந்தது. மின்சாரம் வந்ததும் இன்டெல் 8088 செயலி குறிப்பிட்ட ஒரே முகவரிக்குச் செல்லும், அங்கே பயாஸ் காத்திருக்கும். அது முதலில் செயலியையும், பின்பு தன் சில்லின் உள்ளடக்கத்தையும், நினைவகத்தின் முதல் பகுதியையும் சோதிக்கும். திரைக்கான அட்டையின் முறை அதற்குப் பிறகே வரும். அப்படியானால் அதற்கு முன்பே ஏதேனும் கெட்டிருந்தால் எப்படிச் சொல்வது? அதற்குத்தான் பெட்டிக்குள் ஒரு சிறு ஒலிபெருக்கி இருந்தது. ஒரு குறும் 'பீப்' ஒலி வந்தால் எல்லாம் நலம். ஒரு நெடிலும் ஒரு குறிலும் ஒலித்தால் தாய்ப்பலகையில் பழுது. ஒரு நெடிலும் இரு குறிலும் ஒலித்தால் திரை அட்டையில் பழுது. ஒலியே இல்லையென்றால் முதலில் மின்வழங்கியைப் பார்க்க வேண்டும்.

திரை வேலை செய்யத் தொடங்கிய பின் கணினி எண்களால் பேசும். 201 நினைவகம், 301 விசைப்பலகை, 601 நெகிழ்வட்டு. 201-க்கு முன்னால் தோன்றும் குறிகளைக் கொண்டு எந்த வரிசையில் எந்தச் சில்லு கெட்டது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். 1984-இன் ஏடி கணினியில் மின்கலம் ஓய்ந்துபோனால் 161 வரும். விசைப்பலகை இணைக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, தொடர்வதற்கு அதே விசைப்பலகையில் எஃப்1-ஐ அழுத்தச் சொல்லும் செய்தி இந்த மரபில் வந்ததே. பலரும் அதைச் சொல்லிச் சிரித்ததில் வியப்பில்லை.

ஐபிஎம் தன் பயாஸ் நிரலை முழுமையாகக் கையேட்டில் அச்சிட்டு விற்றது. ஆனால் அதைப் படியெடுத்தால் காப்புரிமை மீறலாகும். எனவே காம்பாக் நிறுவனம் 1982-இல், அந்நிரலைப் படிக்காதவர்களைக் கொண்டு அதேபோல் செயல்படும் புதிய நிரலை எழுதச் செய்தது. பின்னர் பீனிக்ஸ், அவார்டு, ஏஎம்ஐ ஆகியவை தத்தம் பயாஸை எழுதிப் பிற நிறுவனங்களுக்கு விற்றன. கணினியின் விலை இறங்கியது. ஆனால் ஒலிகளின் பொருள் சிதறியது. ஒரு நிறுவனத்தின் பட்டியலில் நலத்தைக் குறிக்கும் ஒற்றை ஒலி, இன்னொன்றில் நினைவகப் பழுதாக இருந்தது. பழுதுபார்ப்பவர்கள் எந்தப் பயாஸ் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. நினைவகப் பழுது என்று தெரிந்தால், அட்டையைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து மாட்டுவது நம் ஊர்க் கடைகளில் இன்றும் முதல் வைத்தியம்.

ஒலிகளைவிட நுட்பமான வழியும் இருந்தது. ஏடி கணினி ஒவ்வொரு படியைத் தொடும்போதும், பதினறும எண் முறையில் 80 என்ற வாயிலுக்கு ஓர் எண்ணை அனுப்பும். இரண்டு இலக்கத் திரையுள்ள சோதனை அட்டையைச் செருகினால், கணினி எந்த எண்ணில் நின்றுபோனது என்று தெரியும்.

1990-களில் பயாஸை வீட்டிலேயே புதுப்பிக்கும் வகையில், அழித்து எழுதத்தக்க சில்லுகள் வந்தன. அந்த வசதியே வினையானது. தைவான் மாணவர் சென் இங்-ஹௌ 1998-இல் எழுதிய சிஐஎச் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 அன்று உலகெங்கும் செயல்பட்டது. செர்னோபில் அணுவுலை விபத்து நிகழ்ந்த நாளும் ஏப்ரல் 26 என்பதால் அதற்குச் 'செர்னோபில்' என்ற பெயரும் உண்டு. அது வன்தட்டின் முதல் மெகாபைட்டை அழித்தது, பின் பயாஸ் சில்லிலும் குப்பையை எழுத முயன்றது. அம்முயற்சி வெற்றி பெற்ற கணினிகளில் ஒலியும் இல்லை, எண்ணும் இல்லை. பழுதைச் சொல்ல வேண்டிய நிரலே அழிந்துபோயிருந்தது. தென்கொரியாவில் பாதிப்பு மிகுதி. துணிச்சலான சிலர் அதே வகையான நல்ல கணினியைத் தொடங்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸ் சில்லைப் பிடுங்கி, கெட்ட சில்லைப் பொருத்தி மறுபடி எழுதினர். பின்னாளில் சில தாய்ப்பலகைகள் இரண்டு பயாஸ் சில்லுகளுடன் வந்தன.

அடுத்த தொல்லைக்கு நிரல் காரணமன்று. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, தரமற்ற மின்பகுபொருள் நிரப்பிய மின்தேக்கிகள் பல தாய்ப்பலகைகளில் இடம்பெற்றன. கணினி மூன்றாம் முறைக்குக் கிளம்பும், நடுவில் நின்றுபோகும், ஒருநாள் அடியோடு ஓய்ந்துவிடும். இங்கே ஒலிக்குறிகளைவிடக் கண்ணே உதவியது: நல்ல மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்கும், கெட்டதன் தலை உப்பியோ கசிந்தோ இருக்கும். இதனால் டெல் நிறுவனம் மட்டும் 2005-இல் சுமார் 300 மில்லியன் டாலர் செலவை ஏற்றது.

இன்று பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ உள்ளது. பல பெட்டிகளில் ஒலிபெருக்கியே இல்லை. சில தாய்ப்பலகைகளில் செயலி, நினைவகம், திரை அட்டை ஆகியவற்றுக்கான சிறு விளக்குகள் அந்த வேலையைச் செய்கின்றன.

ஆனாலும் தொடக்கச் சோதனையில் தேறிய கணினியும் கிளம்பாமல் போகலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால், சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. வன்பொருள் எல்லாம் நலம். ஆனால் விண்டோஸ் ஏறும்போது நீலத்திரை தோன்றும், கணினி மறுபடி தொடங்கும், மறுபடி நீலத்திரை. விமானங்கள் நின்றன, மருத்துவமனைப் பணிகள் தடைப்பட்டன. மீட்கும் வழி எளியது: பாதுகாப்பு முறையில் தொடங்கி ஒரு கோப்பை நீக்கினால் போதும். ஆனால் பல கணினிகளுக்கு ஆள் நேரில் சென்று ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியிருந்தது. வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதற்கு முன் ஒவ்வொரு கணினிக்கும் உரிய 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடி எடுத்து உள்ளிட வேண்டும்.