வரைந்தவரும் வாசித்தவரும்

அருங்காட்சியகச் சுவரில் சட்டமிட்டு மாட்டியதுமே ஆடை வடிவமைப்பு ஓவியத்துக்குத் தனி மிடுக்கு வந்துவிடுகிறது. பிறந்த இடத்தில் அதற்கு அந்த மரியாதை கிடையாது. 1950ஐ ஒட்டிய பாரிஸ் ஆடையகங்களில் அந்தத் தாள் ஒரு வேலைச்சீட்டு. தைப்பவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியது.

கிறிஸ்தியான் தியோரின் ஓவியங்களே இதற்கு நல்ல சான்று. 1905இல் கிரான்வில் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். குடும்பச் செல்வம் கரைந்தபின், 1930களில் தொப்பியும் ஆடையும் வரைந்து விற்றுப் பிழைத்தார். துணி ஆலை அதிபர் மர்செல் பூசாக் முதல் போட, 1946இல் மோந்தேன் அவென்யூவில் சொந்த ஆடையகம் அமைந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பு நாட்டுப்புற வீட்டுக்குப் போய்விடுவார். படுக்கையில், குளியல் தொட்டியில், சாப்பாட்டு மேசையில் என்று கை ஓயாமல் வரைவார். தேறியவை மார்கெரித் கர்ரே என்ற அம்மையாரிடம் போகும். அவர் தையற்கூடத் தலைவியரைக் கூட்டிப் பங்கிட்டுக் கொடுப்பார். குழைந்து விழும் கவுன் ஒரு கூடத்துக்கு, விறைப்பாக நிற்கும் கோட்டு இன்னொன்றுக்கு. முதலில் வெள்ளைப் பருத்தித் துணியில் மாதிரி தைப்பார்கள். அசல் துணி பிறகுதான்.

அந்தத் தாளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பென்சில் கோடு. முகம் வெறுமை, விரல்கள் பாதியில் நிற்கும். ஆனால் தோள் சரிவிலும் இடை ஒடுங்குமிடத்திலும் கை தயங்குவதே இல்லை. துணி முடிவானதும் அதன் துண்டு ஒன்றைத் தாளில் குத்திவைப்பார்கள். தையல் எங்கே ஓடுகிறது, உள்ளே எதைக் கொடுத்து நிறுத்துவது என்பதற்கெல்லாம் தாளில் பதில் இராது.

1947 பிப்ரவரி 12 அன்று மேடையேறிய ‘பார்’ உடையை நினைத்துக்கொள்ளுங்கள்: பாலாடை நிறப் பட்டு ஜாக்கெட், கறுப்புக் கம்பளி மடிப்புப் பாவாடை. காகிதத்தில் இடுப்புப் புடைப்பு ஒரே வளைவுதான். துணியில் அது நிற்க வெட்டு, உள்திண்டு, இஸ்திரியின் சூடு மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். போர்க்காலத் துணிப் பஞ்சம் ஆறாத நேரம் வேறு. பாரிஸின் லெபிக் தெருவில் படப்பிடிப்புக்கு, துணியைத் தாராளமாக விழுங்கும் இந்தப் பாணியில் உடுத்தி வந்த பெண்ணின் ஆடையை அங்கிருந்த பெண்கள் பிடித்துக் கிழித்தார்கள். எனக்கென்னவோ அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்ததாகவே படுகிறது.

அதே காலத்துப் பாரிஸ் வடிவமைப்பாளர்களில் மதாம் கிரே உடல்மீதே துணியைப் போர்த்தி மடித்து உருவாக்கினார். பலென்சியாகா தாமே வெட்டித் தைக்கவும் வல்லவர். தியோர் தையற்கூடத்தில் வளர்ந்தவரல்லர். அதனால் அவருடைய கோட்டுக்கு நல்ல வாசகர் கட்டாயம் தேவைப்பட்டார். ஓவியர் ரெனே க்ருவோ தூரிகையால் தீட்டிய விளம்பரப் படங்கள் இவற்றைவிட அழகுதான். ஆனால் அவை பத்திரிகை வாசகருக்கானவை. அவற்றை வைத்து யாரும் துணியை வெட்டப் போவதில்லை.

ஆகவே இத்தகைய தாளை ஒருவர் பெயரில் மட்டும் எழுதிவைப்பது கணக்கில் பாதியை விடுவதாகும். சில சமயம் வரைந்தவர் பெயரே மறைந்துவிடும். 1955இல் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் யானைகளுக்கு நடுவே மாடல் டோவிமாவை நிறுத்தி எடுத்த புகழ்பெற்ற படத்தில் உள்ள கறுப்பு வெல்வெட் ஆடை தியோருடையது என்றே அறியப்பட்டது. அதை வடிவமைத்தவர் அந்த ஆண்டுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த, 19 வயது ஈவ் சான் லோரான்.