ஈப்போவின் வழக்கறிஞர் டி.ஆர். சீனிவாசகம்



ஈப்போ பட்டணத்தில் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா என்று ஒன்று இருப்பதை அறிவீர்கள். பிள்ளைகளை அங்கே விளையாட விட்டு, கச்சான் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அது யாருடைய பேர் என்று பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

1921-இல் பிறந்தவர் சீனிவாசகம். இலங்கைத் தமிழ்க் குடும்பம். சட்டம் படித்து ஈப்போவில் வழக்கறிஞரானார். அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் வழக்கறிஞரே. கோர்ட்டு என்றாலே பாட்டாளி மக்கள் கைகட்டி நின்ற காலம் அது. காசில்லாதவனுக்காகவும் டி.ஆர். எழுந்து பேசுவார் என்று பேராக் மக்கள் இன்றும் சொல்வதுண்டு.

1953-இல் பேராக் முற்போக்குக் கட்சி தோன்றியது. பிறகு அதுவே மக்கள் முற்போக்குக் கட்சியாயிற்று. மெர்டேக்கா கிடைத்த அதே 1957-இல், ஈப்போ-மெங்லெம்பு இடைத்தேர்தலில் ஆளும் கூட்டணியைத் தோற்கடித்து டி.ஆர். சட்டசபைக்குப் போனார்.

அவரை நாடே திரும்பிப் பார்த்தது 1964-இல்தான். அன்றைய கல்வி அமைச்சர் ஊழல் செய்தார் என்று நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டினார். மன்றத்துக்குள் பேசுகிற பேச்சுக்கு யாரும் மானநஷ்ட வழக்குப் போட முடியாது; உறுப்பினருக்குச் சட்டம் பிடிக்கிற குடை அது. தைரியமிருந்தால் வெளியே வந்து சொல்லட்டும் என்று சவால் வந்தது. நம்மில் பலர் அந்த இடத்தில் மெதுவாக நழுவியிருப்போம். இவர் குடையை மடக்கி வைத்துவிட்டு, வெளியே மக்கள் முன்னால் அதையே சொன்னார்!

அமைச்சர் வழக்குப் போட்டார். இப்படிப்பட்ட வழக்கில் சொன்னவன்தான் தன் சொல் உண்மையென்று நிரூபிக்க வேண்டும். தவறினால் நஷ்டஈடும் கட்டணும், பேரும் போகும். டி.ஆர். நிரூபித்தார். அமைச்சர் தோற்றுப் பதவியும் விலகினார். இதை வெறும் வீரம் என்று நான் சொல்லமாட்டேன். ஆதாரமில்லாமல் வெளியே வந்திருந்தால் அது வாய்ச்சவடால்தானே? எதைச் சொன்னாலும் சாட்சியோடு சொல்லுகிற லாயர் புத்தியைத்தான் அவர் அரசியலுக்கும் கொண்டுபோனார்.

நம் பள்ளிக்கூடத்துக்கு நெருங்கிய சேதி ஒன்றும் உண்டு. சீனமும் தமிழும் ஆட்சிமொழிகளாக வேண்டும் என்று அவருடைய கட்சி கேட்டது. கேட்டது கிடைக்கவில்லை, 1967-இல் தேசிய மொழிச் சட்டம் நிறைவேறியது. ஆனாலும் நாட்டின் உயர்ந்த மன்றத்தில் தமிழுக்காக ஒரு குரல் எழுந்ததே, அது சின்ன விஷயமா?

1969 மார்ச் 15-இல் அவர் காலமானார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. இரண்டு மாதம் போவதற்குள் வந்தது பொதுத்தேர்தல். பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் அவர் கட்சி 12-ஐப் பிடித்தது. கூட்டணிக்கு 19தான், பெரும்பான்மை இல்லை. அதைப் பார்க்க அவர் இல்லை. கட்சி அண்ணன் கைக்கு வந்து, பின்னர் ஆளும் அணியோடு சேர்ந்தது. 1974 தேர்தலில் மெங்லெம்பு மக்கள் எஸ்.பி.யையே தோற்கடித்துவிட்டார்கள்.