லுஹர் நேரமும் செவ்வாயின் பாதையும்

கடைச் சுவரில் நாம் மாட்டி வைக்கும் தொழுகை நேர அட்டவணையைச் சற்றுக் கவனியுங்கள். சிங்கப்பூரில் பிப்ரவரி நடுவில் லுஹர் ஏறத்தாழ 1.20க்கு வருகிறது. நவம்பர் தொடக்கத்தில் 12.50க்கே வந்துவிடுகிறது. இந்த அரைமணி வித்தியாசத்துக்குப் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது ஒரு காரணம். பூமி சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாதது இன்னொரு காரணம்.

இந்த இரண்டாவது காரணம் புரிய வெகுகாலம் ஆயிற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி, கோள்கள் வட்டங்களில் சுற்றுவதாகக் கணக்கு எழுதினார். அது வானத்தோடு பொருந்த வேண்டுமே! அதற்காக, மையத்தை விட்டு விலகிய ஒரு புள்ளியிலிருந்து பார்த்தால் வேகம் சீராகத் தெரியும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் இதை ஏற்கவில்லை. தாலமி மீதான ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். 1259இல் மராகாவில் வான் ஆய்வுக்கூடம் தொடங்கிய நஸீருத்தீன் தூஸியும் மாற்று வழி தேடினார்.

நம் மனதுக்கு நெருக்கமானவர் இப்னு ஷாத்திர். 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் முவக்கித், அதாவது தொழுகை நேரம் கணிப்பவர். மினாராவில் சூரியக் கடிகாரம் அமைத்தவர். தாலமியின் அந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டு, வட்டங்களின் மேல் வட்டங்களாக அடுக்கிக் கணக்கை நேர்செய்தார். சந்திரனுக்கு அவர் தந்த அமைப்பும் கோப்பர்நிக்கஸ் 1543இல் வெளியிட்ட அமைப்பும் ஒன்றே என்பதை 1950களில்தான் ஆய்வாளர்கள் கவனித்தனர்.

இதைக் கேட்டதும் "எல்லாம் நம்மவர்கள் கண்டதுதான்" என்று முடித்துவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். வராத வரவைப் பேரேட்டில் ஏற்றலாமா? இப்னு ஷாத்திர் பூமியைத்தான் நடுவில் வைத்தார், வட்டத்தை விடவில்லை. சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸும் வட்டத்தை விடவில்லை.

விட்டவர் ஜெர்மானியரான கெப்ளர். 1600இல் பிராகு நகரில் டைக்கோ பிராஹேயிடம் சேர்ந்தவருக்குக் கிடைத்த வேலை செவ்வாய்க் கோள். ஆண்டுக்கணக்கில் உழைத்து வட்டத்தில் ஒரு கணக்கைப் பொருத்தினார். டைக்கோவின் அளவுகளோடு ஒப்பிட்டால், ஒரு பாகையை 60 ஆகப் பிரித்ததில் 8 பங்கு இடித்தது. முழுநிலவின் அகலத்தில் கால்வாசிதான். வேறொருவர் சில்லறை வித்தியாசம் என்று தள்ளியிருப்பார். டைக்கோவின் அளவு அவ்வளவு தவறாது என்று நம்பிய கெப்ளர், தன் கணக்கையே தூக்கிப் போட்டார். முட்டை வடிவத்தைக்கூட முயன்று பார்த்தார். கடைசியில், 1609இல் வந்த நூலில் நீள்வட்டம் என்றார்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டு குண்டூசியும் ஒரு நூலிழையும் வைத்து நாங்கள் வரைந்த அதே வடிவம்தான். ஒரு குண்டூசி இருக்கும் இடத்தில் சூரியன். பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல அது நசுங்கிக் கிடப்பதில்லை. செவ்வாயின் பாதையில் அகலம் நீளத்தைவிட அரை சதவீதம்கூடக் குறைவில்லை. கண்ணுக்கு வட்டமாகவே தெரியும். ஆனால் சூரியன் நடுவில் இல்லாததால், செவ்வாயின் தூரம் ஏறத்தாழ 20.7 கோடி கிலோமீட்டருக்கும் 24.9 கோடி கிலோமீட்டருக்கும் இடையே மாறுகிறது.

பூமிக்கும் அப்படியே, சற்றுக் குறைவாக. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுகிறது. ஜூலையில் விலகி மெதுவாகிறது. மார்ச்சில் பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே போகும் சூரியன், செப்டம்பரில் திரும்பிவர 186 நாள் ஆகிறது. தெற்கே போய்வர 179 நாள் போதும்.