வெண்கல மனிதனும் முதுமை மறதியும்



சென்ற தைத் திங்களில் ஒரு நாள், பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். நரை கண்ட ஒருவர் விரைந்து வந்து என் கால்களைத் தொட்டு வணங்கினார். என் பழைய மாணவர். வகுப்பில் அவர் சன்னலோர இருக்கையில் அமர்ந்திருந்தது நினைவிருந்தது. அவருடைய கையெழுத்து இடப்புறம் சாய்ந்து விழும் என்பதும் நினைவிருந்தது. பெயர் மட்டும் நாவிற்கு வரவில்லை. அவர் விடைபெற்றுச் செல்லும் வரை, "தம்பி, தம்பி" என்றே பேசிச் சமாளித்தேன். அந்தத் திங்களில் அவ்வாறு நேர்ந்தது அது நான்காம் முறை. அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை.

செய்தியறிந்த அண்டை வீட்டு நண்பர், "அக்குபங்சர் செய்துகொள்ளுங்கள், ஐயா. உச்சந்தலையில் நான்கைந்து ஊசி. நினைவு தானே திரும்பும். ஐயாயிரம் ஆண்டு பழமையான மருத்துவம்" என்றார். வரலாறு கற்பித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆண்டைக் கேட்டால் சான்றையும் கேட்பான். ஆகவே ஊசிக்குத் தலையைக் கொடுக்கும் முன், ஊசியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

முதலில் அந்த ஐயாயிரம் ஆண்டுக் கணக்கு நிற்கவில்லை. சீன நாட்டின் ஹூனான் மாநிலத்தில் மாவாங்துய் என்னும் இடத்தில் 1973 ஆம் ஆண்டு ஒரு கல்லறையைத் தோண்டினர். அது கி.மு. 168 இல் மூடப்பட்டது. அதனுள் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. உடலில் ஓடும் நாளங்களைப் பற்றி அவை விரிவாகப் பேசுகின்றன. மூலிகையைப் பற்றவைத்துத் தோலருகே சூடிடுவதையும் கூறுகின்றன. ஆனால் அந்த நாளங்களில் ஊசி குத்துவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கி.மு. 113 இல் இறந்த லியூ ஷெங் என்னும் ஹான் மரபு இளவரசனின் கல்லறையிலோ, நான்கு பொன்னூசிகளும் ஐந்து வெள்ளியூசிகளும் கிடைத்தன. ஊசி மருத்துவத்தின் தலையாய நூலாகிய 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' தொகுக்கப்பட்டதும் ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டியே என்பர் ஆராய்ச்சியாளர். ஈராயிரம் ஆண்டுப் பழமை என்பதே ஒரு கலைக்குப் போதுமான பெருமை. அதை இரண்டரை மடங்காக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்ததோ!

அந்நூலில் மறதியைப் பற்றிய ஒரு கருத்து என்னைச் சற்று நாணச் செய்தது. மனவுறுதி சிறுநீரகத்தில் உறைகிறது. அடங்காச் சினம் அதனைக் கெடுக்கும். அது கெட்டால் தான் முன்பு சொன்ன சொல்லையே ஒருவன் மறப்பான் என்பது அதன் கருத்து. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நான் கொண்ட சினத்தைக் கூட்டிப் பார்த்தால், எனக்கு இன்று என் பெயரே நினைவில் இருக்கக் கூடாது.

நிற்க. இனி நான் சொல்ல விரும்பிய செய்திக்கு வருகிறேன். சோங் மரபின் ஆட்சிக் காலத்தில், வாங் வெய்யி என்னும் அரண்மனை மருத்துவர், நூலுக்கு நூல் ஊசிப் புள்ளிகள் இடம் மாறிக் கிடப்பதைக் கண்டார். அவற்றை ஒழுங்குபடுத்தி, 354 பெயருடைய புள்ளிகளைக் கொண்ட விளக்கப்பட நூலொன்றை இயற்றினார். அதனோடு அரசாணையின்படி 1027 ஆம் ஆண்டில், ஆளுயர வெண்கல மனித உருவங்கள் இரண்டும் வார்க்கப்பட்டன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நுண்துளை. தேர்வு நாளில் உருவத்தின் மீது மெழுகைப் பூசித் துளைகளை மறைத்துவிடுவர். உள்ளே நீரை நிரப்புவர். பாதரசம் என்போரும் உண்டு. தேர்வர் குறித்த இடத்தில் ஊசியைச் செலுத்த வேண்டும். சரியான இடமெனின் நீர் கசியும். தவறெனின் ஊசி உள்ளேயே செல்லாது.

எத்துணை அழகிய தேர்வு! பரிந்துரைக்கு இடமில்லை; தேர்வாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை; மதிப்பெண்ணைக் கூட்டுவதில் பிழை நேர வழியில்லை. என் பணிக்காலத்தில் இத்தகைய ஒரு தேர்வை நடத்தும் பேறு எனக்கு வாய்க்கவில்லை.

ஆயினும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடம் கற்பித்தார்கள். தேர்வுக்கு நம்பகம் வேண்டும், ஏற்புடைமையும் வேண்டும். எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வருவது நம்பகம். எதை அளக்க வேண்டுமோ அதையே அளப்பது ஏற்புடைமை. வெண்கல மனிதனிடம் முன்னது நிறைய உண்டு. மருத்துவர் பாடத்தைப் பிழையின்றிக் கற்றாரா என்பதை அவன் சொல்லிவிடுவான். அந்தப் பாடம் உண்மையா, அந்தப் புள்ளியில் குத்தினால் நோய் தீருமா என்பதை அவனால் சொல்ல இயலாது. அவன் வெண்கலம்; அவனுக்கு நோயும் இல்லை, மறதியும் இல்லை. தேர்வரைச் சோதித்தார்கள்; பாடநூலைச் சோதிக்கவில்லை. இந்தக் குறையைச் சீனர் தலையில் மட்டும் சுமத்துவது நீதியன்று. அக்காலத்தில் பிற நாட்டு மருத்துவங்களும் பெரும்பாலும் தம் பாடநூலை அவ்வாறு சோதித்ததில்லை.

பிற்காலச் செய்திகளை விரைந்து கூறிவிடுகிறேன். 1822 இல் தாவோகுவாங் பேரரசர், அரசர் உடலில் ஊசியும் சூடும் படுவது தகாது என்று கருதி, அரண்மனை மருத்துவக் கழகத்தில் அப்பிரிவையே ஒழித்தார். எட்டாண்டுகள் கழித்து, 1830 இல், வாங் சிங்ரென் என்னும் மருத்துவர் முன்னோர் பிழைகளைத் திருத்துவதாகக் கூறி ஒரு நூல் வெளியிட்டார். கொள்ளைநோயில் மாண்டு, நன்கு புதைக்கப்படாமல் கிடந்த குழந்தைகளின் உடல்களை நேரில் கண்டு ஆராய்ந்த துணிவாளர் அவர். நினைவு இதயத்தில் இல்லை, மூளையில் இருக்கிறது என்றார். குழந்தையின் மூளை இன்னும் நிறையவில்லை, முதியோர் மூளையோ மெல்ல மெல்ல வெறுமையாகிறது, ஆகவேதான் இருவருக்கும் நினைவாற்றல் குறைவு என்றார். 1929 இல் சீன அரசின் மருத்துவக் குழு பழைய மருத்துவத்தை ஒழிக்க முற்பட்டது. ஷாங்காயில் மருத்துவர்கள் திரண்டெழுந்து அதைத் தடுத்தனர். 1950க்குப் பின் மக்கள் சீன அரசு ஊசிக் கலைக்கு ஊக்கமளித்தது. 1938 இல் நம் நாட்டிலிருந்து சீனாவுக்குச் சென்ற மருத்துவக் குழுவில் இருந்த பி. கே. பாசு, பின்னாளில் இக்கலையைக் கற்றுக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார்.

இனி, மறதி. வயதுக்கு இயல்பானதைவிட மறதி மிகுந்து, ஆயினும் அன்றாட அலுவல்களைத் தாமே செய்துகொள்ளும் நிலையை 'லேசான அறிவாற்றல் குறைபாடு' என்கின்றனர். அதற்கு 1999 இல் ரானல்டு பீட்டர்சன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வரையறை தந்தனர். இந்நிலையை அடைந்தோரில் சிலர் முதுமை மறதிநோய்க்குள் செல்கின்றனர். சிலர் அப்படியே இருக்கின்றனர். சிலர் இயல்பு நிலைக்கே திரும்பிவிடுகின்றனர். ஊசியை ஆராய்வோருக்கு முதல் இடர்ப்பாடு இங்கேதான். தானே தேறியவரை ஊசி தேற்றியதா என்று எவ்வாறு அறிவது? இரண்டாவது இடர்ப்பாட்டை ஆசிரியர் எவரும் உடனே உணர்வர். ஒரே வினாத்தாளை இரண்டாம் முறை கொடுத்தால், ஒன்றும் படிக்காத மாணவனும் சற்றுக் கூடுதலாக எழுதுவான். நினைவுச் சோதனையும் அத்தகையதே.

மூன்றாவது இடர்ப்பாடு ஊசியின் மேல் நோயாளி கொண்ட நம்பிக்கை. இதனைப் பிரித்தறிய 1998 இல் ஜெர்மானிய மருத்துவர் இருவர் ஒரு போலி ஊசியைச் செய்தனர். அதன் முனை மழுங்கல். தோலைத் தொட்டவுடன் ஊசி தன் கைப்பிடிக்குள்ளேயே நழுவிவிடும். குத்தியதாகவே நோயாளி எண்ணுவார். போலி முறைக்கு வேறு வழியும் உண்டு: வேண்டாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது. இவ்வழியில் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2007 இல் வெளிவந்தது. முதுகுவலி கொண்ட 1,162 பேரில், முறையான ஊசி பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேர் நலம் கண்டனர். போலி ஊசி பெற்றோருள் 44 பேர். வழக்கமான மருத்துவம் பெற்றோருள் 27 பேர். இந்த மூன்று எண்களையும் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். ஊசியின் அன்பர்கள் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் சொல்வர்; பகைவர்கள் முதல் இரண்டை மட்டும் சொல்வர்.

மறதிக்கோ அத்தகைய பேராய்வு என் கண்ணில் படவில்லை. 2016 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 568 பேரைக் கொண்ட ஐந்து சோதனைகளை ஒன்றுசேர்த்து, ஊசியால் நன்மை உண்டு என்று கண்டது. ஆனால் அச்சோதனைகளின் தரம் குறைவு என்று அதன் ஆசிரியர்களே ஒப்புக்கொண்டனர். ஊசியோடு ஒப்பிடப்பட்ட நிமோடிபின் என்னும் மருந்தும் இந்நோய்க்கு மெய்ப்பிக்கப்பட்ட மருந்தன்று. தேறாத மாணவனை முந்தியவனை முதல் மாணவன் என்று சொல்லிவிட முடியுமா? உச்சந்தலையிலும் மணிக்கட்டிலும் இன்றும் மறதிக்காகக் குத்துகிறார்கள். மூளையென்றவர், இதயமென்றவர் இருவர் மனமும் கோணாதபடி. அமெரிக்க நரம்பியல் கழகம் 2018 இல் வெளியிட்ட நெறிமுறையில் இக்குறைபாட்டுக்கெனப் பரிந்துரைத்தவற்றுள் ஒன்று, வாரம் இருமுறை உடற்பயிற்சி.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, எங்கள் ஊரில் ஊசி மருத்துவம் புரியும் ஒருவரிடம் சென்றேன். அவரும் என் மாணவரே. நான் கேட்கும் முன்பே, "மறதிக்குக் குருதிக் குறைபாடும் காரணமாகலாம், ஐயா, முதலில் பெரிய மருத்துவரிடம் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். பார்த்தேன், குறையில்லை. மீண்டும் சென்றபோது, "முழங்கால் வலிக்கு என்றால் அமருங்கள். நினைவுக்கு என்றால் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஐயா" என்றார். தேர்வில் விடை தெரியாத வினாவை வெறுமையாக விட்டுச் செல்லும் மாணவராகவே அவர் அன்றும் இருந்தார்.

முழங்காலைக் காட்டினேன். வியாழன்தோறும் செல்கிறேன், மாலையில் நடக்கவும் தொடங்கியிருக்கிறேன். பேருந்து நிலையத்தில் கண்டவரின் பெயர், மூன்றாம் நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தானே வந்தது. உடனே ஒரு தாளில் எழுதி வைத்தேன்.