ஜெர்மன் வாக்கியமும் நம்ம பெயரெச்சமும்

பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊர்ல உட்கார்ந்துகிட்டு இன்னைக்கு ஜெர்மன் இலக்கணத்தைப் பத்திப் பேசப் போறோம். காரணம் இருக்கு.

கல்லூரியில ஜெர்மன் எடுக்கிற பிள்ளைகள் டெர், டீ, டாஸ்னு மூணு பாலோட முதல் வருஷம் மல்லுக்கட்டி எப்படியோ கரையேறிடுவாங்க. ஆய்வுக் கட்டுரை படிக்க ஆரம்பிக்கும்போதுதான் நிஜமான சிக்கல் வரும். ‘டாஸ் இம் யார் 1716 இன் ஹாலெ கெட்ருக்டெ பூஹ்’. ‘டாஸ்’ என்ற சுட்டு முன்னாடி நிக்குது, ‘பூஹ்’ என்ற பெயர்ச்சொல் கடைசியில நிக்குது, நடுவுல ஒரு வாக்கியமே அடைஞ்சு கிடக்குது. இங்கிலீஷ் வழியா படிக்கிறவங்க இதை உடைச்சு, திருப்பி, ‘புத்தகம், எது அச்சாச்சோ அது, ஹாலேயில’ன்னு போட்டுப் பார்ப்பாங்க. பிரெஞ்சு வழியாப் போனாலும் இதே பாடுதான்.

இப்போ தமிழ்ல சொல்லிப் பாருங்க. ‘1716ஆம் ஆண்டில் ஹாலேயில் அச்சிடப்பட்ட புத்தகம்.’ வரிசை அப்படியே இருக்கு. ‘கெட்ருக்டெ’ இருக்கிற இடத்துல நம்ம ‘அச்சிடப்பட்ட’ உட்கார்ந்திருக்கு. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணின பெயரெச்சம்தான் இது!

அந்தப் புத்தகமும் கற்பனை இல்லை. பார்த்தலோமேயு சீகன்பால்க், 1682-இல் சாக்சனியில புல்ஸ்னிட்ஸ் என்ற ஊர்ல பிறந்தவர். ஹாலேயில படிச்சவர். 1706-இல் டேனிஷ்காரங்க கையில இருந்த தரங்கம்பாடியில வந்து இறங்கினார். புதுச்சேரியிலிருந்து கடற்கரை வழியா தெற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைகளோட உட்கார்ந்து மணல்ல எழுத்துப் பழகினவர் அவர். ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போயிருந்தப்போ, 1716-இல், ஹாலேயில ‘கிராமாட்டிகா தமுலிகா’ என்ற தமிழ் இலக்கணத்தை அச்சிட்டார். எழுதினது ஜெர்மன்ல இல்லை, லத்தீன்ல. அன்னைக்குப் பல்கலைக்கழக மொழி அதுதானே. தமிழைக் கத்துக்க நினைச்ச ஐரோப்பியர் லத்தீன் இலக்கணச் சட்டகத்துக்குள்ள புகுந்துதான் தமிழைப் பார்க்க வேண்டியிருந்தது. இன்னைக்கு நாம இங்கிலீஷ் சட்டகத்துக்குள்ள புகுந்து ஜெர்மனைப் பார்க்கிறோம். என் பார்வையில இது அதே சுத்துவழி, திசை மட்டும் மாறியிருக்கு.

புதுச்சேரிக்கும் இந்தக் கதையில பங்கு இருக்கு. கஸ்தோன் லோரான் கேர்தூ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார். 1761-இல் இங்கிலீஷ்காரங்க இடிச்சுத் தரைமட்டமாக்கின ஊரு மறுபடி எழுந்துகிட்டிருந்த காலம் அது. 1767-இல் இங்கிருந்து பாரிசுக்கு எழுதி அனுப்பினார், சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கணும்னு. வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவுல இதே மாதிரி பேசி உலகப் புகழ் வாங்கினது 1786-இல். கேர்தூ எழுதினது அச்சுல வந்தது 1808-இல். அதுக்குள்ள அவர் செத்து முப்பது வருஷம் ஆகப்போகுது. பிற்பாடு இந்தக் குடும்ப ஒப்பீட்டை ஒரு துறையாவே வளர்த்த பிரான்ஸ் போப் ஒரு ஜெர்மன்காரர். அவர் நூல் 1816.

அந்தக் குடும்பத்துல ஜெர்மன் உண்டு, தமிழ் கிடையாது. அதனாலதான் நம்ம ஆட்கள் ‘நமக்கும் ஜெர்மனுக்கும் என்ன சம்பந்தம்’னு விட்டுடறாங்க. ரத்த உறவு வேற, வாக்கியம் கட்டுற விதம் வேற. ‘வைல் இஷ் டாய்ச் லெர்னெ’: ‘நான் ஜெர்மன் படிக்கிறதால’. ‘வைல்’ மட்டும் முன்னாடி, மத்தபடி வினை கடைசியிலதான். ‘டாஸ் எர் ஷ்விம்மென் முஸ்’: ‘அவன் நீந்த வேண்டும் என்று’. துணைவினை முதல்வினைக்குப் பின்னாடி, நம்மைப் போலவே. 1962-இல் எம்மன் பாக் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஜெர்மன் வாக்கியத்தோட அடிப்படை வரிசையே வினை கடைசியில வர்றதுதான், தனி வாக்கியத்துல அது இரண்டாம் இடத்துக்கு நகர்ந்து வருதுன்னு எழுதினார். அப்படிப் பார்த்தா நமக்குப் புதுசாக் கத்துக்க வேண்டியது அந்த நகர்வு மட்டும்தான்.

சரி, அதுக்காக எல்லாம் சுலபம்னு சொல்லலை. பெயரெச்சம் நம்மகிட்ட உருமாறாது. ‘அச்சிடப்பட்ட’ எப்பவும் ‘அச்சிடப்பட்ட’தான். அங்கே பால், எண், வேற்றுமை பார்த்து ‘கெட்ருக்டெ’, ‘கெட்ருக்டென்’னு வால் மாறும். இதுக்குக் குறுக்குவழி இல்லை, உட்கார்ந்து படிக்கணும். வேற்றுமைன்னு வந்தா, ‘டெம் கிண்ட் டாஸ் பூஹ்’ என்பதை ‘குழந்தைக்குப் புத்தகத்தை’ன்னு சொல்லிக் கொடுத்தா நாலாம், இரண்டாம் வேற்றுமை தெரிஞ்ச பிள்ளை உடனே பிடிச்சுக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்க. ஏவா வில்டன் என்ற ஜெர்மன் அறிஞர் புதுச்சேரி துய்மா வீதியில இருக்கிற தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியில பல வருஷம் சங்க இலக்கியச் சுவடிகளோட இருந்தவர். நற்றிணை, குறுந்தொகைப் பதிப்புகள் கொண்டுவந்தார். 2018-இல் பழந்தமிழ் இலக்கணத்தை மாணவர்களுக்காகவே எழுதினார். அது இதே ஊர்ல வெளியாச்சு. அதுவும் இங்கிலீஷ்லதான். சீகன்பால்க் காலத்துல தொடங்கின அந்த வேலையை அவங்க ஊர்க்காரங்க முந்நூறு வருஷம் கழிச்சும் செஞ்சுகிட்டிருக்காங்க. தமிழ் இலக்கணத்தை வெச்சு ஜெர்மன் சொல்லிக் கொடுக்கிற ஒரு பாடநூலை எழுத வேண்டிய முறை நம்மளுடையது.