பிணையும் பணயமும்: 1792ஆம் ஆண்டு மைசூர் உடன்படிக்கையும் ஒரு சொல்லின் வரலாறும்

போர்க்காலங்களில் அரசுகள் படைவீரர் அல்லாதாரைப் பிடித்து வைத்து எதிர்த்தரப்பை இணங்கச் செய்தல் பழமையான வழக்கமாகும். இவ்வழக்கத்தைக் குறிக்கத் தமிழில் பிணை, பிணையாள், பிணைக்கைதி, பணயக்கைதி எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவை ஒரே பொருளன அல்ல. இவற்றிடையே உள்ள வேறுபாடு வரலாற்றிலும் சட்டத்திலும் வேரூன்றியது என்பதனை, பெங்களூர் வட்டாரத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி தெளிவாக உணர்த்துகிறது.

1. உடன்படிக்கைப் பிணை

மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸ் பிரபுவின் படை 1791 மார்ச்சு 21ஆம் நாள் இரவு பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுக்கவும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் செலுத்தவும் இசைந்தார். இவ்விசைவுக்கு உறுதியாக அவருடைய மைந்தர் இருவர், அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும், 1792 பிப்ரவரி 26ஆம் நாள் காரன்வாலிசிடம் ஒப்படைக்கப்பட்டனர். மூத்தவருக்கு ஏறத்தாழ 10 வயது, இளையவருக்கு ஏறத்தாழ 8 வயது என, அப்போரில் பங்குகொண்ட டைரம் என்னும் படை அதிகாரி குறித்துள்ளார்.

ஒப்படைப்பின்போது பேசப்பட்ட மொழி உறவுமொழியாகும். இனிக் காரன்வாலிசே இச்சிறுவர்க்குத் தந்தை எனத் திப்புவின் தூதர் குலாம் அலி கூறினார். சிறுவர்க்குத் தங்கக் கடிகாரங்கள் பரிசளிக்கப்பட்டன. இராபர்ட் ஹோம் முதலிய ஓவியர்கள் இக்காட்சியைக் கருணையின் காட்சியாகவே தீட்டினர்.

ஆயின் இம்மொழி ஒரு மாதமும் நிலைக்கவில்லை. இறுதி உடன்படிக்கையில் குடகு நாடும் சேர்க்கப்பட்டதைத் திப்பு எதிர்த்தார். உடனே முற்றுகைக்கான ஆயத்தங்கள் மீண்டும் தொடங்கின. சிறுவரின் மெய்காவலரிடமிருந்து படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. சிறுவர் இருவரும் பெங்களூர் வழியே அனுப்பப்படலாயினர். திப்பு பணிந்தார். அதன்பின் அவர்கள் சென்னையில் வைக்கப்பட்டு, 1794 மார்ச்சில் காப்டன் டவ்டனால் திப்புவின் பிறப்பிடமாகிய தேவனஹள்ளியில் தந்தையிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டனர்.

2. கண்டி நிகழ்ச்சி

உள்நாட்டுக் கலகத்தில் இவ்வழக்கம் கொள்ளும் வடிவம் வேறு. கண்டி அரசில், மாவட்டங்களை ஆளச் சென்ற பெருந்தலைவர்களின் குடும்பத்தார் அவர்தம் நன்னடத்தைக்கு ஈடாகத் தலைநகரில் தங்கியிருத்தல் வேண்டும். 1814இல் எகலப்பொல அதிகாரம் சப்பிரகமுவையில் கலகம் செய்தபோது, கண்டியிலிருந்த அவர் மனைவியும் மக்களும் மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. நாயக்கர் மரபினராகிய அம்மன்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே மறைந்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவர்தம் மைந்தர்கள் 1806 வரை வைக்கப்பட்டிருந்ததும் இக்கோட்டையே.

3. சொற்களின் பொருள்

'பிணை' என்பது கட்டுதல் என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது. சொல்லைக் காக்கத் தன்னைக் கட்டிக்கொள்வதே பிணை. கன்னடத்தில் இந்நிலைக்குரியவரை 'ஒத்தெயாளு' என்பர். இதன் முற்பகுதியாகிய 'ஒத்தெ' ஈடு எனப் பொருள்படும். தமிழின் 'ஒத்தி' இதற்கு இனமான சொல். ஒத்தியில் நிலமோ வீடோ கடன் கொடுத்தவரின் கையில் இருக்கும். கடன் தீர்ந்ததும் உரியவருக்கு மீளும். 1792ஆம் ஆண்டு ஏற்பாட்டின் அமைப்பும் இதுவே. தவணைகள் செலுத்தப்பட்டன, சிறுவர் மீண்டனர்.

'பணயம்' என்பதற்கு ஈடு என்ற பொருளோடு, சூதில் வைக்கப்படும் பொருள் என்ற பொருளும் உண்டு. சூதில் வைத்த பொருள் தோற்றால் மீளாது. கண்டியில் கொல்லப்பட்ட குழந்தைகளுக்கு இச்சொல்லே பொருந்தும்.

4. சட்டமும் மொழிபெயர்ப்பும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863இல் வெளியான லீபர் விதித்தொகுப்பு, போரிடுவோரிடையே ஏற்பட்ட உடன்பாட்டுக்கு ஈடாக ஏற்கப்படுபவர் எனவே இத்தகையோரை வரையறுத்தது. அஃதாவது பிணையாளர். 1948இல் நூரம்பர்க்கில் தீர்ப்பளித்த அமெரிக்க நீதிமன்றமோ, கடும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு இவர்களைக் கொல்லுதல் சட்டப்படி இயலும் என்று கருதியது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளே இவ்வழியை அடைத்தன. நான்கிற்கும் பொதுவான 3ஆம் பிரிவு, உள்நாட்டுப் போரிலும் இச்செயலைத் தடை செய்கிறது. இத்தடை அரசுப் படைக்கும் எதிர்ப்படைக்கும் ஒருசேரப் பொருந்தும்.

ஆகவே, ஐரோப்பிய மொழிகளில் ஒரே சொல்லாக நிற்பதனைத் தமிழில் காலத்திற்கேற்பப் பிரித்து வழங்குதல் தகும். உடன்படிக்கையின்படி கொடுக்கப்பட்டவரைப் 'பிணையாளர்' எனலாம். 1949க்குப் பிந்திய சட்டங்களில் தடுக்கப்பட்ட நிலைக்குப் 'பணயக்கைதி' என்பதே ஏற்றது. இன்றைய நீதிமன்றத் தமிழில் 'பிணை' ஜாமீனைக் குறிப்பதால் 'பிணைக்கைதி' மயக்கம் தருகிறது. அன்றியும், தடுக்கப்பட்ட குற்றத்திற்கு உறுதிமொழியின் சாயலை அச்சொல் தந்துவிடுகிறது.

எனினும் இப்பாகுபாடு முற்றும் உறுதியானதன்று. மெய்காவலரின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டபோது சிறுவர் செய்த பிழை யாதுமில்லை, உடன்படிக்கையும் முறியவில்லை, பேரத்தின் அளவே கூடிற்று. அந்நாளில் அவர்கள் பிணையாளர் நிலையிலிருந்து பணயக்கைதிகளாயினர். ஆவணத்தை மொழிபெயர்ப்பவர் அதில் எழுதப்பட்ட பெயரோடு நில்லாது, அப்பெயருக்குரியார் அந்நேரத்தில் எந்நிலையில் இருந்தனர் என்பதையும் நோக்குதல் இன்றியமையாதது.