இலங்கை வானொலி (உடன்குடிக் கரையில்)

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உடன்குடி, குலசேகரன்பட்டினம், தூத்துக்குடிக் கரை மக்களின் அன்றாட வாழ்வை வடிவமைத்த ஒலிபரப்பு.

தோற்றம்: கொழும்பில் 1925இல் வானொலி தொடங்கியது. போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான நேசப்படைகள் படைவீரர்களுக்காக அங்கே சக்திவாய்ந்த ஒலிபரப்பு நிலையத்தை நடத்தின. போர் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது.

பரவல்: இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில், 1952 முதல், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் பெரும்பாலும் நின்றுபோயின. 1957இல் அதன் திரைப்பாடல் சேவையான விவித பாரதி வரும்வரை பாட்டுப் பிரியர்களுக்குக் கொழும்பே கதி. மத்திய அலை உப்புநீர்ப் பரப்பின் மேல் அதிகம் வலுவிழக்காமல் செல்லும். அதனால் இந்தக் கரையில் கொழும்பு தெளிவாகக் கேட்டது.

அன்றாட வாழ்வில்: முதலில் கூரைமேல் ஏரியல் கட்டிய வால்வு ரேடியோக்கள், அவற்றுக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம். பின்னர் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர், தேநீர்க் கடையிலிருந்து பதநீர் காய்ச்சும் விடிலி வரை போனது. சார்ஜ் இறங்கிய பேட்டரியை வெயிலில் காயவைத்து மறுபடியும் போட்டார்கள். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதி, தம் பெயர் ஒலிக்கும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். எஸ். பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் வீட்டு மனிதர்களின் குரல்களாயின. அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி பின்னாளில் தமிழகத் தொலைக்காட்சிக்கும் வந்தது. புதுப்படத்தின் வரவையும் புதுச் சோப்பின் பெயரையும் ஊர் அறிந்தது இந்த ஒலிபரப்பில்தான். ‘ழ’கரம் பிசகாத உச்சரிப்புக்கும் அதுவே பள்ளிக்கூடம்.

பிற்காலம்: இந்நிலையம் 1967இல் கூட்டுத்தாபனமானது. 1982இல் தொடங்கிய இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினியை இக்கரையினர் உயரமான ஆன்டெனா நட்டுப் பார்த்தனர். இலங்கையில் 1983 ஜூலையில் தமிழர்மீது நடந்த வன்முறையும் உள்நாட்டுப் போரும், பிறகு தொலைக்காட்சியும் பண்பலையும் வானொலியின் இடத்தைச் சுருக்கின. அந்தப் போர்க்காலத்திலேயே, 1994இல், கே. எஸ். ராஜா கொல்லப்பட்டார்.

ஒரு கடற்கரையின் ரசனையும் பேச்சும் எப்படி உருவாயின என்பதற்கு இவ்வரலாறு நல்ல சான்று. ஐம்பதுகளில் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் எண்பதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யும் பணியை இவ்வட்டாரக் கல்லூரி மாணவர்கள் தாமதமின்றி ஏற்க வேண்டும்.